பிக்கப்பைத் தூக்கும் முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள்

தக்காளிக் கூடையும் சிமென்ட் மூட்டையும் சுமந்து ஓய்ந்த டாடா 207, பொலேரோ கேம்பர் மாதிரியான பழைய பிக்கப்களை வாங்கி, டிங்கரிங் பார்த்து, உயரம் ஏற்றி, பட்டன் டயர் போட்டு மலைப்பாதைக்கு விட வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. ஆசையில் தப்பில்லை. பழைய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் உயிர் கொடுப்பது நல்ல காரியம்கூட. சிக்கல் தொடங்குவது, “ஆர்.டி.ஓ. விஷயமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி, முதல்ல வண்டியை ரெடி பண்ணுவோம்” என்று பட்டறையில் சொல்லும் இடத்தில்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, வண்டியை எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் பதிந்த விவரத்துக்கும் மாறாக வண்டி நிற்கிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு. மாநில விதிகள் அனுமதித்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு முரணாக எந்த வண்டியையும் மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாறுவது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை அமைப்பது போன்றவற்றுக்குச் சட்டமே தனி வழி வைத்திருக்கிறது. இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துவதற்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பைக் கேட்டதும் பழைய வண்டியைத் தொடவே கூடாது போலிருக்கிறது என்று பயப்பட வேண்டாம். துருப்பிடித்த தரைத்தகட்டை மாற்றலாம். இன்ஜினைப் பிரித்து போர் போடலாம். கிளட்ச், கியர்பாக்ஸ், கிரவுன், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் கம்பெனி அளவிலேயே புதுப்பிக்கலாம். இது உங்கள் உரிமை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்ஜினையே மாற்றினால் மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். நிறத்தை மாற்றினாலும் அது ஆர்.சி.யில் ஏற வேண்டும். ராணுவப் பச்சை மேல் எல்லோருக்கும் ஒரு கண். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

மீறினால் என்ன ஆகும்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டயர், தூக்கிய ஸ்பிரிங், முன்பக்க இரும்புக் கம்பி என்று தனித்தனியாக எண்ணினால் தொகை எங்கே போகும் என்று பாருங்கள். பட்டறைக்காரருக்கும் இதில் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சட்டத்தின் 2(8) பிரிவு, வாகனம் பழுதுபார்ப்பவரையும் பாடி கட்டுபவரையும் ‘டீலர்’ என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. விதிக்கு முரணாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். “எல்லாருக்கும் செய்றதுதான்” என்று சொல்லும் கடைக்காரரிடம் இதை ஒருமுறை பணிவாகச் சொல்லிப் பார்க்கலாம். முன்பக்க புல் பார் விஷயத்தில் மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. சைலன்சரைக் கழற்றிவிட்டு உறுமலோடு ஓட்டுபவருக்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் காத்திருக்கின்றன. முன்னால் மாட்டும் ஸ்பாட் லைட்டுக்கு விதி 111-இல் தடை இருக்கிறது. பதிவே வேண்டாம், “என் தோட்டத்துக்குள்ளதான ஓட்டறேன்” என்ற வாதமும் நிற்காது. பதிவு இல்லாத வண்டியைப் ‘பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ’ ஓட்டக் கூடாது என்றுதான் 39-வது பிரிவு எழுதப்பட்டிருக்கிறது.

அபராதத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது பிரேக். சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு பல பிக்கப்களில் இருக்கும். சேஸில் உட்கார்ந்து, ஒரு கம்பியால் பின் ஆக்ஸில் ஹவுசிங்கோடு இணைந்திருக்கும். மூட்டை ஏறி வண்டி அமுங்கினால் சேஸும் ஹவுசிங்கும் நெருங்கும், வால்வு பின் சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் இடைவெளி அகலும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமலிருக்க அழுத்தம் குறையும். இப்போது கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்குகிறீர்கள். எப்போதும் காலியாக ஓடுவதாகவே வால்வு நினைத்துக்கொள்ளும். பின்னால் ஜெனரேட்டர், கூடாரம், தண்ணீர் கேன் என்று ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பின் பிரேக் பாதிக்குத்தான் வேலை செய்யும். மிதி சாதாரணமாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. தூக்கிய வண்டியில் பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுவதையும், புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி ஜாயின்ட் சீக்கிரம் தேய்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயரும் அப்படித்தான். விட்டத்தில் பத்து சதவீதம் பெரிய டயர் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும். சக்கரத்தின் நெம்பு கூடுவதால் அதே பிரேக்குக்கு வேலை அதிகம், கிளட்சுக்கும் அதே கதை. சேஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைப்பதும், மேல் கீழ் விளிம்பில் துளை போடுவதும் இன்னொரு ஆபத்து. வெல்டிங் ஓரத்தில் விழும் விரிசல் பெயின்டுக்குள் மறைந்து வளரும். ஏதோ ஒரு பள்ளத்தில் குறுக்காக ஏறும்போதுதான் அது தெரியவரும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதைக்குத் தூக்கல் அவசியமே இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுபவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகள்தான். அவற்றை ஏற்றுவது முதல் கியர், ஃபோர் வீல், டிரைவரின் நிதானம். ஆகவே இரண்டு சக்கர இழுவை வண்டியை வாங்கி நான்கு சக்கரமாக மாற்றுவதை விட, கம்பெனியிலேயே ஃபோர் வீலோடு வந்த கேம்பரைத் தேடி வாங்குவது மேல். மீதிப் பணத்தைப் பிரேக் ஷூ, நல்ல ஷாக், கம்பெனி சொன்ன அளவிலேயே கரடுமுரடுக்கான டயர், சேஸில் போல்ட் போட்டு மாட்டும் இழுவைக் கொக்கி ஆகியவற்றில் போடுங்கள். பார்ப்பதற்கு மிரட்டலாக இருக்காதுதான், ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு எதையும் கழற்ற வேண்டியிருக்காது.

வாங்கும்போதே பாதி வில்லங்கம் ஒட்டிக்கொள்ளும். சேஸ் நம்பரைத் துருவையும் பெயின்டையும் தேய்த்துவிட்டு நேரில் படியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் வரிசையாக இல்லாமல் ஏறி இறங்கியிருந்தாலோ, அந்த இடத்தைச் சுற்றி மட்டும் புது வெல்டிங் தெரிந்தாலோ விலை பேசாமல் கிளம்பிவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில், அது திருட்டு வண்டியா என்று பொதுமக்களே பார்த்துக்கொள்ள முடியும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-இன் கீழ் குற்றம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் நிற்கிறதா என்றும் பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் எச்.பி. என்ற அந்தக் கடன் பதிவு கேன்சல் ஆகாத வண்டி தலைவலிதான். சொந்த மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தெரிவித்துப் பெயரை மாற்ற வேண்டும். மூன்று கை மாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் பெயர் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், பழைய பிக்கப்பை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களும் ஒருமுறை எழுந்து பார்ப்பது நல்லது. பெரும்பாலான பிக்கப்கள் மஞ்சள் போர்டு சரக்கு வண்டிகள். எட்டு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அதை வெள்ளை போர்டு ஆக்குவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதியும் வரி மாற்றமும் வேண்டும், பெயின்ட் டப்பா போதாது.

காப்பீட்டில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியால் வேறொருவருக்கு அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் எந்தெந்தக் காரணத்தால் மறுக்கலாம் என்று சட்டமே எண்ணி வைத்திருக்கிறது, நினைத்தபடி தட்டிக் கழிக்க முடியாது. உங்கள் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டில்தான், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரிப்பார்கள். மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றிக்கொள்வது அதனால்தான் முக்கியம். ஆஃப் ரோடு போட்டிக்குப் போகிறவர்கள் பாலிசியின் ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படிக்க வேண்டும். பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமையானது, பின் தொட்டியில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவது. சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிய பயணிகளுக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. கவிழ்ந்தால் மொத்த இழப்பீடும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

எங்கே ஓட்டுகிறோம் என்பதும் ஒரு கேள்வி. காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது வனச் சட்டத்தின்படியும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் குற்றம். கூகுள் மேப்பில் பாதை தெரிகிறது என்பது அனுமதி ஆகாது.

சரி, ஏமாந்துவிட்டால்? பட்டறையில் வேலை கொடுக்கும்போதே எஸ்டிமேட், எந்தெந்தப் பாகம், யார் தயாரிப்பு என்று எழுதி வாங்குங்கள். பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தையில் வாங்கிய இரண்டாம் கைச் சாமானாக இருந்தால், அதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை மோசமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை உள்ள புகார்களை அங்கே கொண்டுபோகலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்தை நீங்களே கேட்டுச் செய்திருந்தால், ஆணையத்தில் உங்கள் புகார் பலவீனமாகத்தான் நிற்கும். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. நிபந்தனையை மீறியதாகச் சொல்லி முழுத் தொகையையும் மறுத்தார்கள் என்றால், வண்டியை வேறு பயன்பாட்டுக்கு விட்ட ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை வழக்கறிஞரிடம் நினைவுபடுத்துங்கள்.

பதிவையே நிறுத்தி வைக்கப் போவதாக ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அனுப்பினால் பதறிப் புரோக்கரிடம் ஓட வேண்டாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் பதிவை நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். நடைமுறையில், மாற்றங்களைக் கழற்றி வண்டியைப் பழைய நிலையில் நிறுத்தி ஆய்வாளரிடம் காட்டுவதுதான் சீக்கிரம் முடியும் வழி. கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங் பட்டைகளையும் டயர்களையும் பழைய இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருந்தவருக்கு அது ஒரு நாள் வேலை. போட்டுவிட்டவர் அதே சாமான்களைத் தேடிப் புதுப்பேட்டைக்கு அலைய வேண்டியிருக்கும்.