"பில்லெல்லாம் எதுக்கு, விடுப்பா"

சாந்திபுரத்தில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறவனுக்கு மூன்று பாஷை வேண்டும். குப்பத்திலிருந்து பலமநேர் போகிற சாலையில், சித்தூர் மாவட்டத்தின் மூலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். வீட்டில் தமிழ், கல்லாவில் தெலுங்கு, கோலார் பக்கத்து ஆட்கள் வந்தால் கன்னடம். சீட்டுகளும் அப்படித்தான் வரும். ஒன்று வேலூர் சி.எம்.சி.யில் எழுதியது, ஒன்று குப்பம் பி.இ.எஸ். ஆஸ்பத்திரியில், ஒன்று பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில். ஆனால் மாத்திரையைக் கவரில் போட்டு பில் அடிக்கப் போனால் மூன்று பாஷைக்காரரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பில்லெல்லாம் எதுக்கு, விடுப்பா."

வரிக்குப் பயந்தோ, கணக்குக்காகவோ நான் பில்லை நீட்டுவதில்லை. அதில் பேட்ச் நம்பர் இருக்கிறது. அந்த நம்பருக்கு என்ன மதிப்பு என்று 2025 அக்டோபரில் நாடே பார்த்தது.

மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாடா மாவட்டம். சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் கொண்டுபோன குழந்தைகள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவை. இருமல் சிரப் கொடுத்த சில நாளில் வாந்தி, பிறகு சிறுநீர் நின்றுபோனது, பிறகு கிட்னி செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். செய்தது எங்களுக்கு அவ்வளவு தூரமில்லாத காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. அக்டோபர் 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆயுதபூஜை விடுமுறையிலும் ஆலைக்குள் போய் மாதிரி எடுத்தது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச். சோதனையில் டைஎதிலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம். ஆலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட குறைகள் பட்டியலிடப்பட்டன. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

இந்த விஷம் மருந்துக்குள் எப்படி வருகிறது? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். பெயின்ட், பிரேக் ஆயில் மாதிரியான வேலைகளுக்கு வருகிற மலிவான சரக்கை வாங்கினாலோ, விற்கிறவன் கலப்படம் செய்திருந்தாலோ, வாங்கினவன் சோதிக்காமல் ஊற்றினாலோ டைஎதிலீன் கிளைக்கால் உள்ளே வந்துவிடலாம்; கதை முடிந்தது. இனிப்பாகவே இருப்பதால் குழந்தையும் துப்பாது. இது புதிய கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே பொருளால் நூறு பேருக்கு மேல் இறந்து, அதன் விளைவாகவே அங்கே 1938-ல் புதுச் சட்டம் வந்தது. நம் சென்னையில் 1970களின் தொடக்கத்தில் குழந்தைகள் இறந்தார்கள், 1986-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் நோயாளிகள், 2022-ல் காம்பியாவில் மறுபடி குழந்தைகள். தொண்ணூறு வருஷமாகத் தெரிந்த விஷத்துக்கு இன்னும் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறோம் என்றால், அதை விபத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆலையைச் சோதிப்பது நம் கையில் இல்லை. ஆனால் அந்த சிரப்பைத் திரும்பப் பெறும் உத்தரவு வந்தபோது, வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டில் அந்த பேட்ச்தானா என்று பார்க்க லேபிளைத் தவிர வேறு வழி கிடையாது. பாட்டிலில் லேபிள் இருக்கும். மாத்திரையில்தான் சிக்கல். பத்து மாத்திரை அட்டையில் பேட்ச் நம்பரும் காலாவதி மாதமும் ஓர் ஓரத்தில்தான் அடித்திருக்கும். நான் மறு ஓரத்திலிருந்து கத்தரிப்பேன், கடைசி வரை நம்பர் அட்டையில் நிற்க வேண்டும் என்று. ஆனால் முதலில் நாலு மாத்திரை வாங்கிப் போகிறவர் கையில் என்ன இருக்கும்? வெறும் வெள்ளித் தாள். அவருக்குத்தான் பில். இப்போது முன்னணி 300 பிராண்டுகளுக்கு கியூ.ஆர். கோடு உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் பேட்ச், தயாரிப்பு, காலாவதி எல்லாம் வரும். கத்தரித்த துண்டில் அந்தக் கோடும் பாதிதான் இருக்கும், அது வேறு விஷயம்.

அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடினால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஷெட்யூல் எச் என்பார்கள். எச்-1 என்று இன்னும் கண்டிப்பான பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து இருக்கிறது: சில வீரியமான ஆன்டிபயாடிக், டி.பி. மருந்து, தூக்க மாத்திரை. அதை வாங்கினவர் பெயர், எழுதின டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் தாளில். நடப்பு என்ன? மல்பெரித் தோட்டத்தில் இலை பறித்துவிட்டு நேராக வந்த ஓர் அவ்வா (பாட்டி) கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஒடம்பு வலிக்குதுப்பா, ஒரு செட் குடு" என்றாள். செட் என்றால் பேப்பர் பொட்டலத்தில் மூன்று, நாலு மாத்திரை, அட்டை கிடையாது, பெயர் கிடையாது. அவள் முன்பு வாங்கியதில் ஒன்று பாக்கி இருக்கிறது என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். சின்னதாக, வெள்ளையாக, பாதி நசுங்கி. எந்த மாத்திரை என்று பி.பார்ம் படித்த என்னாலும் சொல்ல முடியாது. "இதப் போட்டா ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு வேலைக்குப் போயிடுவேன்" என்றதுதான் பயமாக இருந்தது. அப்படி உடனே வலி போக்கும் செட்டுகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலப்பது எங்கும் கேட்கிற கதை. தொடர்ந்து தின்றால் சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. "அவ்வா, ஆஸ்பத்திரிக்குப் போய் சர்க்கரை பாத்துட்டு வா" என்றேன். திட்டிவிட்டுப் போனாள். நாலு கடை தள்ளி வாங்கியிருப்பாள்.

சீட்டோடு வாங்கினாலும் பக்கவிளைவு வராது என்று இல்லை. வயிற்று வலி, மாதவிலக்கு வலிக்கு எல்லோரும் சாப்பிடும் மெஃபனமிக் ஆசிட் பற்றி 2023 நவம்பர் 30-ல் காசியாபாத்தில் இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது. அபூர்வமாக அது கடுமையான அலர்ஜியைக் கொண்டுவரலாம்: காய்ச்சல், தோலில் தடிப்பு, நெறிகட்டு, உள்ளுறுப்பு பாதிப்பு. மருந்தை ஆரம்பித்து இரண்டிலிருந்து எட்டு வாரம் கழித்துக்கூட வரும். அதனால்தான் யாரும் மருந்தோடு அதை முடிச்சுப் போடுவதில்லை; அம்மை என்று வேப்பிலை கட்டிவிடுகிறார்கள். எந்தப் புது மருந்தானாலும் தடிப்போடு வாய்ப்புண்ணோ கண் சிவப்போ வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் சர்க்கரை, பி.பி., வலிப்பு மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

குழந்தைக்குச் சளி மருந்து வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே உத்தரவு. கோல்ட்ரிஃபிலும் அந்த இரண்டும் இருந்தன.

மெஃபனமிக் ஆசிட் பற்றியது மாதிரியான எச்சரிக்கைகள் எங்கிருந்து வருகின்றன? நம் மாதிரி ஆட்கள் சொல்வதிலிருந்தும்தான். பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010-லிருந்து ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில். டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. நோயாளி கூப்பிடலாம், வீட்டில் யாரும் கூப்பிடலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கிறது. எந்த மருந்து, எப்போது ஆரம்பித்தீர்கள், என்ன ஆனது என்றுதான் கேட்பார்கள். இந்த மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். போன் செய்வதற்கு முன் அட்டையையும் பில்லையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் நம்பரையும் சேர்த்துச் சொல்லலாம்.