களஞ்சியக் கதவிலும் யன்னலிலும் கறள் நீக்கும் முறை

விதைநெல்லை நன்கு காயவைத்துக் களஞ்சியத்திற் சேர்க்கும் கமக்காரர் பலர், அக்களஞ்சியத்தின் இரும்புக் கதவைக் கவனிப்பதில்லை. கதவின் அடிப்பாகம் கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டால் அவ்வழியே எலி புகும். மாரியில் ஈரமும் புகும். எலி தின்றது போக, எஞ்சிய நெல்லின் முளைக்கும் ஆற்றலும் ஈரத்தாற் குன்றும். ஆகவே கறள் நீக்குதல் வீட்டின் அழகுக்காக மட்டும் செய்யப்படும் வேலையன்று. அடுத்த போகத்தின் விதையைக் காக்கும் வேலையுமாகும்.

கறள் உண்டாகும் விதம்

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது கறள் உண்டாகின்றது. உப்பு இதனை விரைவுபடுத்தும். யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கரையோரப் பகுதிகளில் இரும்பு விரைவிற் கெடுவதற்கு உவர்க்காற்றே காரணம். பொட்டாசு முதலிய உரங்களும் உப்புக்களே. எனவே உரப் பைகளைக் கதவிற் சாத்தி வைத்தல் கூடாது.

கறள், தான் உண்டாகிய இரும்பிலும் கூடிய இடத்தைப் பிடிப்பதால், மேலுள்ள வர்ணத்தைக் கிளப்பிவிடும். அதன் கீழ் நீர் தங்கி மேலும் கறள் பரவும். ஆதலாற் கறளின்மேல் வர்ணம் பூசுதல் வீண் செலவாகும்.

ஏற்ற காலம்

வடக்கு, கிழக்குப் பகுதிகளில் மாரி தொடங்குமுன், ஆவணி, புரட்டாதி மாதங்களில் இவ்வேலையை முடித்தல் நன்று. காலைப் பனியீரம் உலர்ந்தபின் தொடங்குதல் வேண்டும்.

செய்யும் முறை

1. கதவையும் யன்னற் சட்டத்தையும் சவர்க்கார நீராற் கழுவி, நல்ல நீரால் உப்பைப் போக்கி உலரவிடுக.

2. கிளம்பிய கறளைச் சுரண்டி, கம்பித் தூரிகையாற் தேய்க்குக. பின்னர் அரத்தாளினால் உலோகம் வெளிப்படும்வரை தேய்க்குக. மூலைகளிலும் அடிவிளிம்பிலும் கூடிய கவனம் வேண்டும்.

3. பூட்டு, கொளுக்கி போன்ற கழற்றக்கூடிய சிறு பகுதிகளை வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்தாற் கறள் இளகும். பின் அவற்றை நீராற் கழுவி உடனே துடைத்து உலர்த்துக. அமிலம் எஞ்சி நின்றால் மீண்டும் கறள் பிடிக்கும்.

4. இறுகிய பிணைச்சல்களுக்கு மண்ணெண்ணெய் இடலாம். எனினும் வர்ணம் பூசும் இடத்தில் எண்ணெய்ப் பசை இருத்தல் ஆகாது. இருந்தால் வர்ணம் ஒட்டாது.

5. தூசியைத் துடைத்து, அன்றைக்கே கறளெதிர்ப்பு அடிப்பூச்சைப் பூசுக. ஓரிரவு வெறுமையாக விடப்பட்ட இரும்பிற் கறள் மறுபடி தோன்றும்.

6. அடிப்பூச்சு உலர்ந்தபின் எனாமல் வர்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசுக. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் விடவேண்டிய நேரம் தகரத்திற் குறிக்கப்பட்டிருக்கும்.

தகடு முற்றாக அரிக்கப்பட்டு ஓட்டையாகியிருந்தால் வர்ணத்தால் அதனை மூடமுடியாது. பழுதான பகுதியை வெட்டி நீக்கிப் புதிய தகட்டை ஒட்டுவித்தல் வேண்டும்.

எச்சரிக்கை

பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயத்தூசி சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பழைய வர்ணத்தை எரித்தோ, உலர்ந்த நிலையில் தேய்த்தோ நீக்கலாகாது. நீர் தெளித்து, நீரில் நனைத்துப் பயன்படுத்தும் அரத்தாளாற் தேய்க்குக. சிறுவரை அப்பால் நிறுத்துக. வேலைக்கு முன் நெல்லையும் உணவுப் பொருள்களையும் அகற்றி, நிலத்திற் சாக்கு விரித்து, விழும் தூளை ஈரத்துடன் சேர்த்து அகற்றுக. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிதல் அவசியம். மின்கல அமிலத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தல் ஆகாது. அது தோலையும் கண்ணையும் சுடும்.

ஆண்டுக்கொருமுறை கதவின் அடிவிளிம்பைப் பார்வையிட்டு, தோன்றும் சிறு புள்ளியை அப்போதே தேய்த்துப் பூசினால் அரை நாள் வேலையே போதும். அதனைப் பிற்போடும் கமக்காரர் புதிய கதவுக்கும் இழந்த விதைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேரிடும்.