பே ஸ்லிப்பில் இருக்கிறது ஏழாம் வகுப்புக் கணக்கு

“எனக்குக் கணக்கு சுத்தமா வராது மிஸ், நீங்கதான் பார்த்துக்கணும்.” ஒரகடம் பக்கம் என்னிடம் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பாக்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கும். என்ன வேலை என்று கேட்டால் குவாலிட்டி என்பார்கள். ஷிப்ட் முழுக்க வெர்னியரைப் பிடித்து, 24.95 ஓகே, 24.90 ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுகிறவருக்குக் கணக்கு வராதாம். அதையும் பிள்ளையின் காது கேட்கச் சொல்கிறார்.

நான் பி.எஸ்சி. கணக்கு. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது விட்டுப்போன பாடத்தை மாலையில் தெருவிலேயே சொல்லித்தர ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஆறு முதல் எட்டு வரை எடுக்கப் பட்டப்படிப்பு வேண்டும், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். மையம் மூடிய பிறகும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புப் பாடத்தில்தான் தடுமாறுகிறது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழுது நான்காம் வகுப்பிலேயே இருக்கும். 824ஐ எட்டால் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். நிறையப் பேர் 13 என்று எழுதுவார்கள். எட்டில் எட்டு ஒரு தடவை. இரண்டில் எட்டு போகாது. அந்த இடத்தில் பூச்சியம் போடாமல் நான்கை இறக்கி 24 ஆக்கி, மூன்று தடவை. படி ஏறத் தெரிகிறது, நடுவில் ஒரு படி இல்லாதது தெரியவில்லை. வீட்டில் இதைத் திருத்த உங்களுக்கு வகுத்தல் நினைவிருக்க வேண்டியதில்லை. “824 ரூபாயை எட்டுப் பேர் பிரிச்சா ஆளுக்குப் பதிமூணு ரூபாதானா?” என்று கேளுங்கள், போதும். பிள்ளையே முழிக்கும். 800ஐ எட்டுப் பேருக்குக் கொடுத்தாலே ஆளுக்கு நூறு வருமே என்று அதுவே சொல்லும். விடையைச் சொல்லித் தருவதைவிட ‘இவ்வளவு வருமா?’ என்று கேட்பது எவ்வளவோ மேல்.

தசமத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 0.15 பெரிதா, 0.2 பெரிதா? 0.15 என்பார்கள், இரண்டைவிடப் பதினைந்து பெரிதல்லவா! நாமும் ‘புள்ளி பதினஞ்சு’ என்றே படிக்கிறோம். ‘புள்ளி ஒன்று ஐந்து’ என்று படிக்கப் பழக்கினாலே பாதிக் குழப்பம் போய்விடும். மீதிப் பாதியை அந்தக் குவாலிட்டி அப்பா பார்த்துக்கொள்ளலாம். 25, கூட்டல் கழித்தல் 0.05 என்று டிராயிங்கில் இருந்தால் எதுவரை பாஸ், எது ரிஜெக்ட்? 24.9 ஏன் போகாது, 24.95 ஏன் போகும்? ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினால், அவரைவிட நன்றாக இதைச் சொல்ல என்னால் முடியாது.

சதவீதத்துக்குப் பே ஸ்லிப்பைவிட நல்ல புத்தகம் இல்லை. பி.எஃப். 1,800 ரூபாய் பிடிப்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரிந்த எண். அது எங்கிருந்து வந்தது? பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000 என்றால், அதில் ஒரு சதவீதம் 150. பன்னிரண்டு சதவீதம் 1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம்: மொத்தச் சம்பளம் 18,000 என்றால் 135 ரூபாய். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக ஒரு சதவீதம் உண்டு என்பதே பிள்ளைகளுக்கு அதிசயமாக இருக்கும்.

தீபாவளிக்கு முன்னால் எல்லாக் கம்பெனி வாசலிலும் பேசப்படுவது 8.33. போனஸ் சட்டம் 1965இல் வந்தது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், உச்சவரம்பு 20. எட்டு என்றோ எட்டரை என்றோ வைக்காமல் ஏன் 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் அதுதான் வரும்; பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதப் பங்கு. ஒரு மாலை இதைத் திண்ணையில் போட்டபோது ஒரு பெண் 8.33ஐத் திரும்பப் பன்னிரண்டால் பெருக்கினாள். 99.96. “மிஸ், மீதி நாலு பைசா எங்க?” இன்னும் ஒரு 3 சேர்த்து 8.333 ஆக்கு என்றேன். 99.996. இன்னொரு 3 சேர்த்தாள். பைசா குறைந்துகொண்டே போனது, தீரவில்லை. முடிவில்லாத தசமத்தை அவள் நான் பெயர் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டாள். அன்று வேறு பாடம் எடுக்கவில்லை.

அம்மாக்களுக்கும் சொல்லித்தர ஒரு பாடம் உண்டு. ஏழாம் வகுப்பில் நேர் விகிதம், எதிர் விகிதம் வரும். லைனில் 12 பேர் 6 மணி நேரத்தில் முடிக்கிற வேலை. இன்று 9 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால்? எட்டு மணி நேரம், முழு ஷிப்ட். லீவு போட்டவர்களின் பாரத்தைத் தோளில் வாங்கியவருக்கு எதிர் விகிதத்தை யார் விளக்க வேண்டும்?

இனி இங்கிலீஷ். கணக்கில் மார்க் குறைவதற்கே பாதிக் காரணம் இதுதான். அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவோ, மெட்ரிக் பள்ளியோ, கணக்கை இங்கிலீஷில் படித்துவிட்டு எண்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். ‘லெஃப்ட்’ என்றால் கழி, ‘ஆல்டுகெதர்’ என்றால் கூட்டு என்று ஒரு குறுக்குவழி வேறு. ராஜு 12 பென்சிலைக் கொடுத்துவிட்டான், கையில் 20 ‘லெஃப்ட்’, முதலில் எத்தனை? உடனே கழித்து 8 என்பார்கள். நான் செய்வது ஒன்றுதான்: எண்ணே சொல்லாமல் கதையைத் தமிழில் சொல்லச் சொல்வேன். “அவன்கிட்ட கொஞ்சம் பென்சில் இருந்துச்சு, கொஞ்சம் குடுத்துட்டான், கொஞ்சம் மிச்சம் இருக்கு.” இவ்வளவு சொல்லிவிட்டால் 32 தானாக வரும். வீட்டில் தமிழில் பேசினால் இங்கிலீஷ் வராது என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். புரிவது தாய்மொழியில்தான் புரிகிறது. சொல்லத்தான் இங்கிலீஷ் வேண்டும்.

தினமும் ஏழு மணிக்குப் பிள்ளையோடு உட்காருங்கள் என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். பி ஷிப்ட் போனவர் வீடு திரும்பும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். சி ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் சத்தமே கூடாது. பல கம்பெனிகளில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மிஞ்சுவது கம்பெனி பஸ். எங்கள் தெருவில் ஒருவர் பழக்கியது இது: மகன் இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவான், இவர் பஸ்ஸில் கேட்பார். இவருக்கு இங்கிலீஷ் பெரிதாகத் தெரியாது. ஆனால் எங்கே திக்குகிறான், எங்கே முழுங்குகிறான் என்பது காதுக்குத் தெரியும். “நடுவுல ஒரு இடத்துல ரெண்டு வாட்டி நின்ன பாரு, அத திருப்பி படிச்சு அனுப்பு. அப்புறம் அது என்னன்னு தமிழ்ல சொல்லு.” மொத்தமும் சில நிமிடம்தான். மனப்பாடம் செய்த கேள்வி பதிலை ஒப்பித்தால் திக்கும் இடம் தெரியாது. ஆகவே பிள்ளை பார்க்காத பத்தியாக இருக்க வேண்டும். மிக்ஸி வாரண்டி கார்டு, பிஸ்கட் பாக்கெட், எதுவும் ஆகும்.

டியூஷனைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பல டியூஷன்களில் நடப்பது ஹோம்வொர்க்கை முடித்து அனுப்புவதுதான். நோட்டு நிறைந்திருக்கும், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். நானும் காசு வாங்கிச் சொல்லித்தருகிறவள்தான், இருந்தாலும் சொல்கிறேன்: நோட்டை மூடிவிட்டு ஒரு கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

2025-26இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை ‘திறன்’ என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றிலும் அடிப்படை விட்டுப்போனவர்களைத் தேர்வு வைத்துக் கண்டுபிடித்துத் தனியாகச் சொல்லித்தருவது. ‘என் பிள்ளையை மட்டம்னு ஒதுக்கிட்டாங்க’ என்று சில அம்மாக்கள் பள்ளிக்குச் சண்டைக்குக் கிளம்பினார்கள். சண்டை வேண்டாம், ஆனால் போங்கள். வீக்லி ஆஃப் சனிக்கிழமை விழுந்து, அன்று பள்ளியும் இருந்தால் இன்னும் நல்லது. போய், ‘எப்படிப் படிக்கிறான் டீச்சர்?’ என்று கேட்காதீர்கள். ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். வகுத்தல் வருதா, எந்த இடத்துல விடறான், பார்க்காத பத்தியைப் படிக்கிறானா என்று கேளுங்கள். எனக்குக் கணக்கு வராது என்பதை மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள், அவன் பக்கத்தில்தான் நிற்பான்.