ஆங்கிலிக்கன் சபையும் ஓர் அழைப்பிதழும்

கத்தோலிக்கர்களுக்குப் போப் இருக்கார். லூத்தரன்களுக்கு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இருக்கு. ஆங்கிலிக்கன்களை எது ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது? எட்டாம் ஹென்றியின் கல்யாணப் பிரச்சினையில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும் விளக்கங்கள் எனக்குப் போதவில்லை. 1534இல் ராஜா இங்கிலாந்து சபைக்குத் தலைவரானது ரோமிலிருந்து பிரிந்த கதை. பிரிந்தவர்கள் தங்களுக்குள் எப்படிச் சேர்ந்தே இருந்தார்கள் என்பது வேறு கதை.

முதல் 300 வருஷத்துக்குப் பதில் சுலபம்: சட்டம். தாமஸ் கிரான்மர் தொகுத்த பொது ஜெபப் புத்தகம் 1549இல் வந்தது. திருவிருந்தில் அப்பம் கொடுக்கும்போது குருவானவர் சொல்லும் வார்த்தைகள், அது கிறிஸ்துவின் சரீரம் என்று நம்புகிறவருக்கு இடம் கொடுத்தன. 1552 பதிப்பில் அவை போய், கிறிஸ்து மரித்ததை நினைத்து இதைச் சாப்பிடு என்ற பொருளில் வேறு வார்த்தைகள் வந்தன. 1559இல் எலிசபெத் அரசியின் புத்தகம் என்ன செய்தது தெரியுமா? இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே மூச்சில் சொல்ல வைத்தது. பழைய நம்பிக்கைக்காரர் முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம், சீர்திருத்தக்காரர் இரண்டாம் பாதியை.

இதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம். மனசுக்குள் என்ன இருக்கு என்று ரொம்பத் துருவவில்லை, ஆனால் ஆள் வந்தாகணும்.

இங்கிலாந்துக்கு வெளியே போனதும் இந்தச் சட்டம் கழன்றுவிட்டது. அதை அம்பலமாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிஷப் ஜான் கொலென்சோ. பள்ளிக்கூட கணக்குப் புத்தகங்கள் எழுதியவர். அவரோடு பைபிளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சூலு உதவியாளர், நோவாவின் பேழைக் கதை நிஜமா என்று கேட்க, மனுஷன் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மோசேயின் ஆகமங்களில் வரும் எண்ணிக்கைகள் ஒத்துவரவில்லை என்று 1862இல் புத்தகமாகவே போட்டார். கேப்டவுன் பிஷப் ராபர்ட் கிரே அவரைப் பதவி நீக்கினார். 1865இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது: கிரேக்கு அப்படி நீக்க அதிகாரமே இல்லை. கொலென்சோ 1883இல் சாகும்வரை பிஷப்பாகவே இருந்தார், எதிரே இன்னொரு பிஷப்பை நியமித்த பிறகும்கூட.

யாருக்கும் யார்மேலும் அதிகாரம் இல்லை என்றால் என்ன செய்வது? கனடா பிஷப்புகள் கேட்டுக்கொண்டதால் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் லாங்லி 1867இல் எல்லாரையும் தன் லேம்பெத் மாளிகைக்குக் கூப்பிட்டார். இது சட்டம் போடும் சபை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். யார்க் ஆர்ச்பிஷப்பே வரவில்லை. வந்தவர்கள் 76 பேர். கொலென்சோவுக்கு அழைப்பு போகவில்லை. என் பார்வையில் இன்றைய ஆங்கிலிக்கன் கூட்டுறவு பிறந்தது இங்கேதான். கையில் மிஞ்சிய ஒரே அதிகாரம், யாரைக் கூப்பிடுவது என்பது.

1888 மாநாடு, மற்ற சபைகளோடு சேர்வதற்கு நான்கு அடிப்படைகளை வைத்தது: வேதாகமம், இரண்டு பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வழிவழியாக வரும் பிஷப் பதவி. இதைக் கையில் எடுத்து நிஜமாகவே செய்து பார்த்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் வி. எஸ். அசரியா உட்பட, அந்த நான்கையே அடிப்படையாக வைத்தார்கள். பேச்சு 28 வருஷம் இழுத்தது. சிக்கல் நான்காவதில். பிஷப் கை வைத்து அபிஷேகம் பண்ணாத போதகரை என்ன செய்வது? 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இருக்கிறவர்களை அப்படியே ஏற்போம், இனிமேல் வருகிறவர்களுக்கு பிஷப் அபிஷேகம் என்று முடித்துக்கொண்டார்கள். யாருக்கும் மறு அபிஷேகம் கிடையாது.

அதற்குக் கிடைத்த பரிசு, ஆங்கிலிக்கன் கூட்டுறவுக்கு வெளியே நிற்பது. புதிய சபையின் பிஷப்புகளையும் குருமாரையும் முழுசாக ஏற்கலாமா என்பதில் 1948 லேம்பெத் மாநாட்டால் ஒருமனப்பட முடியவில்லை. திரும்ப உறுப்பினராகப் பல பத்தாண்டுகள் ஆயின.

இப்போது சண்டை ஒருபாலின உறவு பற்றி. அதுவும் அழைப்பிதழ் வழியாகத்தான் நடக்கிறது, பாருங்க. 2008இல் நியூ ஹாம்ப்ஷயர் பிஷப் ஜீன் ராபின்சனுக்கு அழைப்பு இல்லை. அப்படியும் 200க்கும் மேற்பட்ட பிஷப்புகள் வரவில்லை. 2022இல் ஒருபாலினத் துணை உள்ள பிஷப்புகளுக்கு அழைப்பு உண்டு, துணைவருக்கு இல்லை. நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா சபைகள் போகவே இல்லை. 2023இல் கிகாலியில் கூடியவர்கள் கேன்டர்பரியைத் தலைமையாக ஏற்க முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். 1930 லேம்பெத் மாநாட்டு வரையறைப்படி, கேன்டர்பரியோடு ஐக்கியத்தில் இருப்பவர்களே இந்தக் கூட்டுறவு. அந்த வாசகத்தைத் தளர்த்தி, கேன்டர்பரியோடு ‘வரலாற்றுத் தொடர்பு’ இருந்தால் போதும் என்று மாற்றலாம் என 2024 இறுதியில் கூட்டுறவின் சொந்தக் குழுவே யோசனை வைத்தது.