‘விஎம் ஆப்ஸ்’ஸா, ‘ஆல் ஆப்ஸ்’ஸா? சொந்த கிளவுட் நடத்துவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு

சொந்தக் கட்டடத்திலோ வாடகைத் தரவு மையத்திலோ சர்வர்களை வைத்து நடத்தும் நிறுவனங்கள் மலேசியாவில் இன்னும் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு அடித்தளமாக இருக்கும் விஎம்வேர் மென்பொருளை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கியது. அதையடுத்து 2025 ஜூனில் விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷன் 9 வெளிவந்தது. அதிலுள்ள ‘ஆட்டோமேஷன்’ பகுதியைத் திறந்ததுமே ஒரு கேள்வி எழுகிறது: உருவாக்கப் போகும் ‘ஆர்கனைசேஷன்’ எந்த வகை?

ஆர்கனைசேஷன் என்பது இங்கே கம்பெனி அல்ல. ஒரே கிளவுடைப் பல பிரிவுகள் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்படும் தனி இடம். கணக்குப் பிரிவு ஒன்றில் இருக்கலாம், மென்பொருள் உருவாக்கும் குழு இன்னொன்றில் இருக்கலாம். இதில் ‘விஎம் ஆப்ஸ்’, ‘ஆல் ஆப்ஸ்’ என இரண்டு வகைகள் உள்ளன.

பெயரைப் பார்த்து ஏமாறுவோர் உண்டு. எல்லாம் கிடைக்கும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ‘எங்களிடம் விஎம் எனப்படும் மெய்நிகர் கணினிகள் மட்டுமே உள்ளன, ஆகவே விஎம் ஆப்ஸ் போதும்’ என்பது இன்னொரு அவசர முடிவு. மெய்நிகர் கணினிகளை ஆல் ஆப்ஸிலும் இயக்கலாம். வேறுபாடு வேலை நடக்கும் முறையில்தான் இருக்கிறது.

விஎம் ஆப்ஸ் கேண்டீன் போன்றது. எந்த அளவு கணினி, எந்த இயங்குதளம், எந்த நெட்வொர்க் என்பதையெல்லாம் நிர்வாகி முன்கூட்டியே தயார்செய்து பட்டியலில் வைத்துவிடுவார். ஊழியர் அதிலிருந்து கேட்டுப் பெறுவார். முன்பு ஆரியா ஆட்டோமேஷன், அதற்கும் முன்பு விரியலைஸ் ஆட்டோமேஷன் என்று அழைக்கப்பட்ட மென்பொருளின் வழி இதுவே. அதன் 8ஆம் பதிப்பிலிருந்து மேம்படுத்துவோரின் பழைய ஏற்பாடு விஎம் ஆப்ஸாகவே வந்து சேரும்.

ஆல் ஆப்ஸ் அங்காடியில் ஒரு கடையை வாடகைக்கு எடுப்பதைப் போன்றது. இவ்வளவு பிராசசர், இவ்வளவு மெமரி, இவ்வளவு சேமிப்பிடம் என்று மேலிருந்து அளவு வகுக்கப்படும். அந்த அளவுக்குள் என்ன சமைப்பது என்பது கடைக்காரர் பாடு. ‘நேம்ஸ்பேஸ்’ எனும் பகுதிகளைப் பிரித்து, மெய்நிகர் கணினிகளையும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர்களையும் குழுவே உருவாக்கிக்கொள்ளும்.

ஆனால் இந்தக் கடைக்குத் தண்ணீரும் மின்சாரமும் முதலில் இழுக்கப்பட்டிருக்க வேண்டும். வீஸ்பியர் கிளஸ்டரில் ‘சூப்பர்வைசர்’ இயக்கப்பட்டிருக்க வேண்டும். என்எஸ்எக்ஸ் மூலம் விபிசி எனும் தனி நெட்வொர்க்குகள் தயாராக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சாதாரண விலேன் நெட்வொர்க்கிலேயே ஓடும் அலுவலகத்துக்கு இது சிறிய வேலை அல்ல. நெட்வொர்க் பொறியாளரைக் கேட்காமல் நிர்வாகம் மட்டும் கூடி ஆல் ஆப்ஸ் என்று முடிவெடுத்தால், அதன் சுமை பிறகு வார இறுதிகளில் அவர் தலையில்தான் விழும்.

பலர் கணக்கில் சேர்க்காத விஷயம் ஒன்று உண்டு: ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் வார்ப்புருக்கள். கணினி உருவானதும் அதற்குப் பெயரிடுவது, ஐபி முகவரி கொடுப்பது, ஒப்புதல் கேட்பது என்று நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த வேலை அது. விஎம் ஆப்ஸுக்காக எழுதியது ஆல் ஆப்ஸில் அப்படியே பொருந்தாது. பெரும்பகுதியை மறுபடி எழுத வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்.

வகையை ஆர்கனைசேஷன் உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளும் அமைப்பு அல்ல இது. தவறினால் புதியதொன்றை உருவாக்கி அங்கே குடிபெயர வேண்டும்.

நல்ல வேளையாக, இரண்டு வகைகளும் ஒரே ஆட்டோமேஷனுக்குள் அருகருகே இருக்கலாம். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கும் கிடங்குப் பதிவும் பழைய முறையில் ஒழுங்காக ஓடுகின்றன. அவற்றை விஎம் ஆப்ஸிலேயே விட்டுவிடலாம். கண்டெய்னர் முறையில் செயலி எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர் குழுவுக்கு மட்டும் ஆல் ஆப்ஸில் இடம் ஒதுக்கலாம். புதிதாகத் தொடங்குவோருக்குக் கைவிட முடியாத பழைய வார்ப்புரு எதுவும் இல்லையென்றால், ஆல் ஆப்ஸ் பக்கம் செல்வதே நியாயம்.

இரண்டையும் வைத்துக்கொள்ளும்போது பராமரிக்கும் ஆட்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று பேர் மட்டுமே உள்ள ஐடி பிரிவு இரண்டு வேலைமுறைகளைக் கற்றுத் தாங்குவது கடினம். அத்தகைய இடத்தில் குபெர்னெட்டிஸ் பயிற்சிக்கு ஒருவரையாவது அனுப்பிவிட்டு, சோதனைக்காகச் சிறிய ஆல் ஆப்ஸ் ஒன்றைத் திறந்து, முக்கியமில்லாத ஒரு செயலியை அதில் சில மாதங்கள் ஓடவிட்டுப் பார்ப்பது செலவு குறைந்த வழி.