விறகுக் கணப்படுப்பின் வெப்பநிலைக் கட்டுப்பாடு

விறகுக் கணப்படுப்பின் வெப்பநிலைக் கட்டுப்பாடு என்பது, வீட்டைச் சூடாக்கப் பயன்படும் மூடிய விறகடுப்பின் வெப்பத்தை அளவி கொண்டு கண்காணித்து, உள்ளே செல்லும் காற்றைக் கூட்டியும் குறைத்தும் உரிய அளவில் வைத்திருப்பதாகும். கனடா, ஐக்கிய அமெரிக்கா, நோர்வே முதலிய குளிர்நாடுகளில் வார்ப்பிரும்பாலோ எஃகுத் தகட்டாலோ செய்யப்பட்ட இவ்வடுப்புகள் பரவலாகப் பயன்படுகின்றன. வெப்பம் அளவுக்கு மிஞ்சினால் அடுப்பு கெடும். அளவுக்குக் குறைந்தால் புகைபோக்கியில் தீப்பிடிக்கும் நிலை உருவாகும். இவற்றுள் இரண்டாவது எளிதில் கண்ணுக்குப் படாதது.

சமையல் அடுப்பிலிருந்து வேறுபாடு

"எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்" என்பது பழமொழி. திறந்த சமையல் அடுப்பில் கொள்ளியை வெளியே இழுத்துத் தீயைத் தணிக்கலாம். கணப்படுப்பில் விறகு முழுவதும் உள்ளே வைக்கப்பட்டுக் கதவு மூடப்படுகிறது. எனவே எரிபொருளைக் குறைக்க வழியில்லை. காற்றை மட்டுமே கட்டுப்படுத்த முடியும்.

விறகு எரியும் நிலைகள்

முதலில் 100° செல்சியசு அளவில் விறகிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் 200° செல்சியசுக்கு மேல் மரம் சிதைந்து, எரியக்கூடிய வளிமங்கள் புகையாக வெளியேறுகின்றன. இவை முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 600° செல்சியசு வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இறுதியில் கரி தணலாக எரிகிறது.

வளிமங்கள் எரியாமல் வெளியேறினால் விறகின் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும். மேலும், அவை ஏறத்தாழ 120° செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் படிந்து, கிரியோசோட்டு எனப்படும் தார் போன்ற கரும்பொருளாகின்றன. இது எளிதில் தீப்பற்றும். புகைபோக்கித் தீயின் வெப்பம் 1000° செல்சியசையும் தாண்டக்கூடும்.

அளவிகள்

அடுப்பின் மேற்பரப்பிலோ புகைக்குழாயிலோ காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவியே பெரும்பாலும் பயன்படுகிறது. இதனுள் வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை இணைத்த சுருள் உள்ளது. சூடேறும்போது சுருள் வளைந்து முள்ளை நகர்த்துகிறது. குழாயில் பொருத்தும்போது அடுப்புக்கு ஏறத்தாழ 45 செ.மீ. மேலே வைப்பது வழக்கம். அங்கு காட்டும் அளவைப் பொதுவாக இவ்வாறு பிரிப்பர்:

- 115° செல்சியசுக்குக் கீழ்: கிரியோசோட்டு படியும் நிலை
- 115° முதல் 245° செல்சியசு வரை: உரிய நிலை
- 245° செல்சியசுக்கு மேல்: மிகை வெப்பநிலை

இவை ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்பரப்புக்குரியவை. உள்ளே செல்லும் புகையின் வெப்பம் இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கக்கூடும். இரட்டைச் சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு உண்மையான வெப்பத்தைக் காட்டாது. அதற்குத் துளை வழியே உள்ளே செல்லும் கம்பி அளவி தேவை.

அளவி இல்லாதபோதும் சில அறிகுறிகள் உதவும். புகைபோக்கியிலிருந்து அடர்ந்த புகை வருவதும், கதவின் கண்ணாடி கருப்பதும் வெப்பம் குறைவு என்பதைக் காட்டும். இரும்பு செந்நிறமாக ஒளிர்ந்தால் வெப்பம் ஆபத்தான அளவை எட்டிவிட்டது.

கட்டுப்படுத்தும் முறை

தீ மூட்டும்போதும் புதிய விறகு இடும்போதும் காற்றுத் திறப்பு முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். விறகு நன்கு பற்றி, முள் உரிய நிலைக்கு வந்தபின் காற்றைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். கனத்த இரும்பு மெதுவாகவே சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆகவே முள் எல்லையைத் தொடும்வரை காத்திராமல், அது ஏறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே குறைப்பது நன்று.

இரவு முழுவதும் தீ நிற்க வேண்டுமென்று அடுப்பு நிறைய விறகிட்டுக் காற்றை அடைப்பது பொதுவான தவறு. அப்போது விறகு சுடரின்றிப் புகைகிறது. கிரியோசோட்டும், மணமும் நிறமும் அற்ற நச்சு வளிமமான கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக உண்டாகின்றன. எனவே குறைந்த விறகைச் சுடருடன் எரிப்பதே சிறந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வீட்டில் இருத்தல் அவசியம்.

வினையூக்கி பொருத்திய அடுப்புகளில், புகை ஏறத்தாழ 260° செல்சியசிலேயே எரியத் தொடங்குகிறது. அந்த வெப்பம் வந்த பிறகே புகையை வினையூக்கியின் வழியே திருப்ப வேண்டும்.

விறகின் ஈரப்பதம்

ஈர விறகு, தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைச் செலவழிக்கும். அதைக்கொண்டு எந்த அடுப்பையும் சரியாக இயக்க முடியாது. பிளந்து, மழைபடாமல், காற்றோட்டமாக அடுக்கி, மரத்திற்கேற்ப ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை உலர்த்த வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது. இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கப்படும் விறகுக்கு இவ்வரம்பு 2021 முதல் சட்டமாகவே உள்ளது.

மிகை வெப்பம் ஏற்பட்டால்

காற்றுத் திறப்புகளை மூட வேண்டும். கதவைத் திறந்தால் காற்று புகுந்து தீ மேலும் வளரும். சூடான வார்ப்பிரும்பில் நீரூற்றினால் அது வெடித்துப் பிளக்கும். புகைபோக்கியில் பேரிரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பற்றியிருக்கலாம். அப்போது காற்றை அடைத்துவிட்டு, அனைவரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். தீ அடங்கினாலும், புகைபோக்கியைச் சோதிக்காமல் அடுப்பை மீண்டும் மூட்டலாகாது. புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் துப்புரவு செய்தால் இவ்விபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.