இயந்திரம் நின்ற பிறகு

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பிட்டு வைத்திருந்த பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். தோலில் மிகுந்துள்ள உப்பு, உப்புக் குறைந்த நீரை நோக்கித் தானாகவே நகர்கிறது. இதுவே விரவுதல். சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் செய்யும் டயாலிசிஸும் இவ்விதியில்தான் நடக்கிறது. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறு பக்கம் கழுவும் நீர்மம். யூரியா முதலிய கழிவுகள் சவ்வைக் கடந்து வெளியேறுகின்றன. 1945-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இம்முறையால் முதன்முதலில் பிழைக்க வைத்தது 67 வயது மூதாட்டி ஒருவரை!

நம் பக்கத்து வேலூரும் இத்துறையில் பேர்பெற்றது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது.

வேலூரில் டயாலிசிஸ் முடித்து, குடியாத்தம் வழியாகப் பேருந்தில் ஊர் திரும்பும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். நல்ல சிறுநீரகங்கள் இரவும் பகலும் சிறுகச் சிறுகச் செய்யும் வேலையை இயந்திரம் சுமார் 4 மணி நேரத்தில் முடித்துவிட்டது. அவர் உடலிலிருந்து 2 லிட்டர் நீரை எடுத்திருந்தால், எடை 2 கிலோ குறைந்திருக்கும். அந்த நீர் முதலில் இரத்தத்திலிருந்தே போகிறது. திசுக்களில் தேங்கிய நீர் இரத்தத்துக்கு வந்துசேரச் சற்று நேரமாகும். அதுவரை இரத்தக் குழாய்கள் சுருங்கி ஈடுகட்ட வேண்டும். முதுமையில் அது மெதுவாகவே நடக்கும். எனவே எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். போதாக்குறைக்கு, இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பாரின் மருந்தின் விளைவு சில மணி நேரம் நீடிக்கலாம். அப்போது விழுந்து தலையில் அடிபட்டால் ஆபத்து.

ஆகவே வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ அன்று அவரைத் தனியே நடக்க விடக்கூடாது. மயக்கம் வந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் மருத்துவமனைதான். குளிர் காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

களைத்து வந்தாரே என்று இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். அன்பான வழக்கம்தான்; ஆனால் இவருக்கு ஆகாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதபோது, அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும்.

டயாலிசிஸுக்காகப் பலருக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருப்பார்கள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. அதன்மேல் படுக்கவும் கூடாது. இணைத்த இடத்தில் விரல்களை மெல்ல வைத்தால், பூனையின் உறுமல் போன்ற அதிர்வு தெரியும். நாள்தோறும் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் குழாய் அடைபட்டிருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.